மூன்றாவது பட்டன்

துவைத்து வந்த துண்டை முகர்ந்து பார்க்கும்போது அவர் துண்டைப் பார்க்கமாட்டார். துவைத்தவரின் முகத்தைப் பார்ப்பார். மூக்கு துண்டில் புதைந்திருக்கும்; கண் எதிரே நிற்கிற ஆளை விட்டு நகராது. சோப்பு சரியாக அலசப்படவில்லை என்றால் வாசனையில் தெரியும் முன்பே ஆளின் முகத்தில் தெரிந்துவிடுமாம். பிறகு துண்டை மடித்து வைத்துவிட்டு "செரிங்க" என்பார். தப்பித்தோமா, மாட்டிக்கொண்டோமா என்று அந்த ஒரு சொல்லிலிருந்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

மூணாறுக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் இருந்த ஒரு ரிசார்ட்டில் அறைகளைச் சுத்தம் செய்யும் பிரிவு அவர் பொறுப்பில் இருந்தது. நான் பார்த்தபோது நாற்பதைக் கொஞ்சம் தாண்டியிருப்பார். குள்ளம். சேலைக்கு மேல் ஓட்டல் கொடுத்த சாம்பல் நிறக் கோட்டு. கோட்டின் வலது பையில் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா, இடது பையில் ஒரு நோட்டு. அந்த இரண்டையும் கண்டாலே எனக்கு ஆகாது.

ஊர் முதலமடை. மாந்தோப்புப் பக்கம். மலையில் எங்கள் பேச்சு தெற்கத்திப் பேச்சு; அவர் பேசுவது கோயம்புத்தூர்க்காரர்கள் மாதிரி. யாராக இருந்தாலும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். ஆளை வேலையை விட்டு நிறுத்தும்போதுகூட, "நாளையில இருந்து வர வேண்டாமுங்க" என்று சொல்லி, போகிற ஆளுக்குச் சாப்பாடும் போட்டு அனுப்புவார் என்று கேள்வி. எதிரில் எல்லோரும் அவரை மேடம் என்றார்கள். முதுகுக்குப் பின்னால் மாங்கா மேடம்.

தோப்பை விட்டு ஏன் மலையேறி வந்தார் என்பதற்கு அங்கே மூன்று கதைகள் இருந்தன. புருஷனோடு சண்டை என்றார் சலவைக்காரர். லாரிக்காரன் ஒருவன் நம்ப வைத்து ஏமாற்றினான் என்றார் தோட்டக்காரர். இரண்டும் இல்லை, முதலாளி வைத்த உளவாளி என்றாள் வரவேற்பு மேசையில் இருந்த பெண். அந்த மூன்றில் எனக்குப் பிடித்தது கடைசிக் கதைதான்.

நான் அங்கே போனது ஐந்து பிள்ளைகளோடு. பஞ்சாயத்து நடத்துகிற சிறப்புப் பள்ளியில் நான் ஆசிரியை. பதினெட்டு வயதைத் தொட்ட பிள்ளைகள் அவர்கள். சிலருக்கு எழுத்து ஏறாது, சிலருக்குப் பேச்சு தாமதம், எல்லோருக்கும் கை நன்றாக இருந்தது. ஓட்டலில் என்னென்ன வேலைகள் இருக்கின்றன, எது யாருக்குப் பொருந்தும் என்று நேரில் காட்டுவதற்காகச் செவ்வாய்க்கிழமைதோறும் ஜீப்பில் அழைத்துப் போவேன். பன்னிரண்டு வாரத் திட்டம். முடிவில் ஒருவரை வேலைக்கு எடுத்துக்கொள்வதாக மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த ஒருவர் மகேசுவாக இருக்க வேண்டும் என்று முதல் நாளே நான் முடிவு செய்துவிட்டேன்.

மகேசுவுக்குப் பத்தொன்பது வயது. எங்கள் லயத்துப் பெண், எஸ்டேட்டின் வரிசை வீடுகளில் எங்களுக்கு நாலு வீடு தள்ளி. பத்து வரை எண்ணுவாள். பதினொன்று வர வேண்டிய இடத்தில் திரும்ப ஒன்று வரும். நாம் சொல்வதில் கடைசிச் சொல்லை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் வேலையில் இறங்குவாள். இறங்கினால் நடுவில் நிறுத்தமாட்டாள். அவள் அம்மாவும் என் அம்மாவும் ஒரே மலையில் கொழுந்து எடுப்பவர்கள். அவள் அம்மாவுக்கு ஓய்வு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. ஓய்வு பெற்றால் எஸ்டேட் வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அப்பா இல்லை, வேறு பிள்ளை இல்லை.

"எனக்கு இன்னும் பதினோரு மாசந்தான்" என்று ஒருநாள் குழாயடியில் அவள் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "அதுக்குள்ள இவளுக்கு ஒரு வேலை ஆச்சுன்னா டவுன்ல ஒத்த ரூமு எடுத்துக் கெடந்துக்கிடுவோம். இல்லன்னா எங்க போவேன்? இந்த லயத்துல படிச்சு டீச்சரு ஆனது நீ ஒருத்திதான். நீதான் தாயி பாக்கணும்."

படித்தது நான் ஒருத்திதான் என்பது உண்மை. என் வீட்டில் என் பெயரைத் தப்பில்லாமல் எழுதத் தெரிந்த முதல் ஆள் நானே. பயிற்சிக் கல்லூரியில் கொடுத்த மெரூன் கோட்டை வேலைக்குச் சேர்ந்த பிறகும் கழற்றவில்லை. குளிருக்கு என்று சொல்லிக்கொள்வேன். குளிர் இல்லாத நாளிலும் போட்டிருப்பேன்.

முதல் செவ்வாய் நான் கொண்டுபோனது படஅட்டைகள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு படம்: வரவேற்பு மேசை, பெட்டி தூக்குபவர், அறை சுத்தம், சலவை, சமையல், பரிமாறுதல். நானே வரைந்து வண்ணம் தீட்டியவை. மேனேஜர் பார்த்து, "சூப்பர் டீச்சரே" என்றார். மேடம் ஒவ்வொன்றாக வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அறை சுத்தம் செய்யும் பெண்ணின் படத்தில் நின்றார்.

"ஏனுங்க டீச்சர், இந்தப் புள்ள எதுக்குங்க சிரிக்குது?"

"சும்மா, பிள்ளைங்களுக்குப் பிடிக்கணும்னு."

"கக்கூஸ் கழுவற புருசைக் கையில வெச்சுட்டு இந்தச் சிரிப்பு சிரிக்குதுங்களே. நாளைக்கு எங்கிட்ட வந்து சிரிப்பு வரலீன்னு அழுவாங்க. நான் என்னத்தைங்க சொல்றது?"

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அட்டைகளைத் திருப்பித் தந்தார். அந்த ஒன்றைத் தவிர. அதை இடது பையில், நோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் வீட்டில் சொன்னேன். என் அம்மா படியில் உட்கார்ந்து காலில் அட்டைப்பூச்சி கடித்த இடத்தில் சுண்ணாம்பு வைத்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, ஓட்டல்காரன் சும்மா உள்ள விடுவானா? சீசன் வருது. ஆளு கெடைக்கல. புள்ளைகள வச்சு வேலைய முடிச்சுக்கிடப் பாக்கான். நீ படிச்சவ, நல்லாப் பாத்துக்கோ."

பார்த்துக்கொண்டேன். மூன்றாவது வாரம் பிள்ளைகளைச் சலவை அறைக்குள் அழைத்துப் போய் அவர் கதவைச் சாத்தியபோது ஜன்னல் வழியாக எண்ணினேன்: நாற்பது தலையணை உறை மடித்தார்கள். இது பயிற்சியா, வேலையா என்று மேனேஜரிடம் கேட்டேன். மேனேஜர் அவரைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார்.

"மடிச்சதைப் பிரிச்சுப் போட்டுட்டனுங்க" என்றார். "வேணும்னா வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். உறைகள் குவியலாகப் பிரித்துக் கிடந்தன. அது இன்னும் மோசமாக இருந்தது. பிள்ளைகள் மடித்ததை யாராவது பிரித்துப் போடுவார்களா? கையில் மடிப்பு நிற்கிறதா என்று பார்க்கத்தான் என்றார். மகேசு மடித்த ஏழு உறைகளை மட்டும் பிரிக்காமல் தனியாக வைத்திருந்தார். அவற்றை ஏன் தனியாக வைத்தார் என்று சொல்லவில்லை. நோட்டில் எதையோ எழுதினார். எனக்கு அன்றிலிருந்து அந்த நோட்டு ஆகவில்லை.

டப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் சட்டைப் பட்டன்கள் இருந்தன. விருந்தாளிகளின் இரவு அங்கிகளிலிருந்து சலவையில் கழன்று விழுந்தவை; எல்லாம் வெள்ளை, எல்லாம் ஒரே அளவு. ஓர் அறையைச் சுத்தம் செய்ய ஆள் போகும் முன்பு அவர் உள்ளே போய்ப் பட்டன்களை ஒளித்துவைப்பார். எத்தனை என்று சொல்லமாட்டார். மூன்று என்று எல்லோருக்கும் தெரியும். முதலாவது சுலபமான இடத்தில், தொலைபேசிக்கு அடியில். இரண்டாவது குளியலறையில், வாளிக்குப் பின்னால். மூன்றாவது எங்கே என்று சொல்ல முடியாது. திரை மடிப்பில் இருக்கும். விளக்கின் குடைக்குள் இருக்கும். ஒருமுறை ஜன்னல் தாழ்ப்பாளின் குழிக்குள் இருந்ததாம். வேலை முடித்து வருகிறவர் பட்டன்களை அவர் உள்ளங்கையில் போட வேண்டும். குறைந்தால், "இன்னும் முடியலீங்க" என்பார். திரும்பப் போக வேண்டும்.

"ஏன் மேடம் இப்படி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மாங்காய்ங்க" என்றார். "மண்டியில கூடை கூடையா வந்து எறங்கும். மேல பாத்தா எல்லாம் மஞ்சளா, அழகா இருக்குமுங்க. மருந்து போட்டுப் பழுக்க வெச்சதா, தானாப் பழுத்ததான்னு கலர் சொல்லாதுங்க. காம்பை மோந்து பாத்தாத்தான் தெரியும். ஒவ்வொரு காயையும் எங்க மோக்கறது? கூடைக்கு மூணு எடுப்பனுங்க. அடியில இருந்து எடுப்பேன்."

"இவங்க மாங்காய் இல்லையே."

"நான் அவிங்களைச் சொல்லலீங்க" என்றார், என் கோட்டைப் பார்த்துக்கொண்டு.

அப்படித்தான் பேசுவார். எதையோ சொல்லி எங்கேயோ பார்ப்பார். ஒருநாள் திடீரென்று, "உங்க ஊடு எங்கீங்க டீச்சர்?" என்று கேட்டார். சொன்னேன். "அப்ப மகேசு ஊட்டுக்குப் பக்கமா?" என்றார். ஆமாம் என்றேன். "செரிங்க." நோட்டு. நான் சொந்தக்காரிக்குச் சிபாரிசு செய்கிறேன் என்று எழுதியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

பிள்ளைகளுக்கு அவர் மேல் பயம் இல்லை. அதுதான் எனக்குப் புரியவில்லை. முருகன் என்று ஒரு பையன். வரவேற்பு மேசையில் நிற்பது அவனுக்கு உயிர். யார் வந்தாலும் சல்யூட் அடித்து "குட் மார்னிங்" சொல்வான். மத்தியானம் மூன்று மணிக்கும் சொல்வான்.

"ஏஞ்சாமி, இந்நேரத்துக்கு குட் மார்னிங்குங்களா?"

"எனக்கு இப்பத்தான் விடிஞ்சுது" என்றான் அவன்.

அவர் சிரித்ததை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். சிரித்துக்கொண்டே அவன் சட்டைக் காலரைத் திருப்பி, உள்பக்கம் அழுக்கா என்றும் பார்த்துவிட்டார்.

ஐந்தாவது வாரம் மகேசுவுக்கு எட்டாம் எண் அறை கிடைத்தது. வரிசையின் கடைசி அறை, அதிகம் ஆள் வராது, பழகுவதற்காக விட்டிருந்தார்கள். கூட நான் உள்ளே இருக்கலாம். அவர் வெளியே நிற்பார். படுக்கை விரிக்க மகேசு எடுத்துக்கொண்ட நேரத்தில் மற்ற பெண்கள் ஓர் அறையையே முடித்துவிடுவார்கள். விரிப்பின் ஒரு மூலையைச் செருகுவாள், எதிர் மூலைக்குப் போவாள், திரும்பி வந்து முதல் மூலையைத் தடவிப் பார்ப்பாள். தொலைபேசியைத் தூக்கி, "ஒண்ணு" என்றாள். வாளியை நகர்த்தி, "ரெண்டு" என்றாள். பிறகு அறையின் நடுவில் நின்று சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியே நின்றாள். வெளியே அவர் காலை மாற்றி நிற்கிற சத்தம் கேட்டது. பதினோரு மாசம், பதினோரு மாசம் என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

நான் நாலு இடம் துழாவினேன். விளக்குக் குடையில் இருந்தது. எடுத்து மகேசுவின் உள்ளங்கையில் வைத்து மூடினேன்.

"இதையும் சேத்துக் குடு."

"குடு" என்றாள் மகேசு.

கொடுத்தாள். அவர் மூன்றையும் எண்ணினார். மகேசுவின் முகத்தைப் பார்த்தார். அவள் முகத்தில் எதுவும் இல்லை. அவளுக்கு மறைக்கத் தெரியாது, மறைக்க வேண்டும் என்றும் தெரியாது. பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் திரையைச் சரி செய்வதுபோல் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த வாரமும் அப்படியே செய்தேன். அதற்கடுத்த வாரமும். படுக்கை மூலைகளையும் நானே ஒருமுறை இறுக்கிவிடுவேன். பள்ளிக்கும் மேனேஜருக்கும் எழுதும் அறிக்கையில் 'உதவியின்றித் தனியாகச் செய்கிறாள்' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். எனக்குக் குற்றவுணர்ச்சி இருந்ததா என்று கேட்டால், இல்லை. இந்த ஒளித்துவைக்கிற விளையாட்டே அநியாயம் என்று நினைத்தேன். யார் கண்ணிலும் படாத இடத்தில் பட்டனை வைத்துவிட்டு, பத்துக்கு மேல் எண்ண வராத பெண்ணிடம் கணக்குக் கேட்பது ஒரு பரீட்சையா? அவளைக் கழித்துவிடுவதற்கு ஒரு காரணம் தேடுகிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் ஒளித்தால் நான் எடுப்பேன்.

எட்டாவது வாரம் எனக்கும் கிடைக்கவில்லை. திரை, குடை, தாழ்ப்பாள், மெத்தையின் தையல், தீப்பெட்டி வைக்கிற தட்டு என்று எல்லா இடமும் பார்த்துவிட்டேன். மகேசு இரண்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவைத் தட்டினார் அவர். "ஆச்சுங்களா?"

என் கோட்டின் கடைசிப் பட்டன் தளர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதுவும் வெள்ளை. பிய்த்து, நூலைப் பல்லால் கடித்து இழுத்துவிட்டு மகேசுவின் கையில் வைத்தேன்.

அவர் வாங்கிப் பார்த்தார். நம்பமாட்டீர்கள், அந்தப் பட்டனையும் முகர்ந்தார். "செரிங்க" என்றார். பிறகு அறைக்குள் போனார். உள்ளே நாற்காலி நகர்கிற சத்தம், அப்புறம் ஒளித்ததை எடுத்து டப்பாவில் போட்டதுபோல் 'டிங்' என்று ஒரு சத்தம். வெளியே வந்து நோட்டில் எழுதினார். எழுதி முடிக்கும்வரை நான் கோட்டின் அடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கேட்பார் என்று காத்திருந்தேன். அன்று கேட்கவில்லை. ஒன்பதாவது வாரம் கேட்கவில்லை. பத்து, பதினொன்று, எதுவும் இல்லை. முன்னைவிட மரியாதையாகக்கூட நடந்துகொண்டார்; எனக்கு மட்டும் டீயில் ஏலக்காய் தட்டிப் போடச் சொன்னார். அது என்னை இன்னும் கலவரப்படுத்தியது. டீயைக் குடிக்கும்போதெல்லாம் இதற்கு என்ன விலை என்று யோசித்தேன்.

பன்னிரண்டாவது வாரம் சீசன் தொடங்கிவிட்டது. ரோடு முழுக்க வெளியூர் வண்டிகள். எட்டாம் அறைக்கும் மத்தியானம் இரண்டு மணிக்கு ஆள் வருகிறார்கள் என்றார் மேனேஜர். மற்ற நான்கு பிள்ளைகளும் பள்ளியில் இருந்தார்கள். மகேசுவும் நானும் மட்டும் வந்திருந்தோம். அவள் அம்மா காலையில் அவளுக்குப் புதுச் சுடிதார் போட்டு, தலையில் எண்ணெய் வழிய வழிய வாரி அனுப்பியிருந்தார்.

அவர் எட்டாம் அறைக்குள் போனார், கதவைச் சாத்திக்கொண்டார், கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தார். நடைக்கூடத்தில் ஒரு நாற்காலியைக் காட்டினார்.

"டீச்சர், இன்னிக்கி நீங்க இங்க உக்காந்துக்குங்க."

"கூட இருக்கலாம்னு சொல்லியிருந்தாங்களே."

"சொன்னாங்க. இன்னிக்கி வேண்டாமுங்க." மகேசுவைப் பார்த்து, "போங்க அம்மணி. முடிச்சுட்டு வாங்க" என்றார்.

"வாங்க" என்றாள் மகேசு. உள்ளே போனாள். மணி பத்து.

அவரும் உள்ளே போகவில்லை. கதவுக்கு எதிரே சுவரில் சாய்ந்து நின்றார். உள்ளே விரிப்பை உதறுகிற சத்தம். குழாய்ச் சத்தம். பதினொன்றரைக்கெல்லாம் பெரிய சத்தங்கள் அடங்கிவிட்டன. அதற்குப் பிறகு சின்னச் சத்தங்கள். மேசை இழுப்பறை திறந்து மூடியது. திரை வளையம் உரசியது. மறுபடி இழுப்பறை. மறுபடி திரை. தேடுகிறாள் என்று தெரிந்தது. என் கைகள் மடியில் கிடந்து பரபரத்தன. ஒரு நிமிடம் உள்ளே விட்டால் போதும், எடுத்துக் கொடுத்துவிடுவேன்.

"அவளுக்குப் பசிக்கும்" என்றேன். "காலைல ரெண்டு இட்லிதான் சாப்பிட்டா."

"கதவு பூட்டலீங்க" என்றார். "பசிச்சா வருவாங்க."

பன்னிரண்டரைக்கு மேனேஜர் வந்தார். "மேடம், எந்தா இது? ரெண்டு மணிக்கு கெஸ்ட் வரும். வேற ஆளை விட்டு முடிங்க."

"உள்ள ஆள் இருக்குதுங்க."

"ரெண்டரை மணி நேரமா?"

"இன்னும் முடியலீங்க சார்" என்று சொல்லி, சுவரை விட்டு நகர்ந்து கதவுக்கு முன்னால் வந்து நின்றார். குள்ளமான ஆள், மேனேஜர் அவர் தலைக்கு மேலாகக் கதவைப் பார்த்தார். ஆனால் கையை நீட்டவில்லை.

ஒரு மணிக்குக் கதவு திறந்தது. மகேசு நின்றாள். அந்தக் குளிரிலும் நெற்றியில் வியர்வை. தலையில் எண்ணெயோடு தூசி ஒட்டியிருந்தது; கட்டிலுக்கு அடியில் போயிருக்கிறாள். வலது கையைத் திறந்து அவரிடம் நீட்டினாள். இரண்டு பட்டன்கள்.

"ஒண்ணு. ரெண்டு" என்றாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். இடது கையை விரித்து எனக்கு முன்னால் நீட்டினாள்.

"டீச்சர், குடு."

நடைக்கூடத்தில் மேனேஜர் நின்றார், பெருக்குகிற பெண்கள் இரண்டு பேர் நின்றார்கள், அவர் நின்றார். மகேசுவின் கை நீண்டபடியே இருந்தது. அவள் குரலில் அவசரம் இல்லை. செவ்வாய்க்கிழமை என்றால் மூன்றாவது பட்டன் டீச்சரிடம் இருக்கும், அவ்வளவுதான். கேட்கவில்லையோ என்று நினைத்து மறுபடியும் சொன்னாள். "குடு."

நான் கோட்டின் அடியைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் வலது பையிலிருந்து டப்பாவை எடுத்தார். விரலால் கிளறி ஒன்றைப் பொறுக்கி என் கண்ணுக்கு நேரே பிடித்தார். நான்கு ஓட்டைப் பட்டன். அவருடையவை எல்லாம் இரண்டு ஓட்டை. நான் அதைக் கவனித்ததே இல்லை. ஓர் ஓட்டையில் மெரூன் நூல் துணுக்கு ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"பன்னெண்டு வாரமா நான் யாரைப் பாத்துட்டு இருந்தேன்னே தெரியலீங்களே டீச்சர்" என்றார். 'ங்க' குறையவில்லை. "இந்தப் புள்ளையவா, உங்களையா?"

மேனேஜர் என்னைப் பார்த்தார், பிறகு கையிலிருந்த அறிக்கையைப் பார்த்தார். எல்லாக் கட்டங்களிலும் என் டிக். "அப்போ இது ஒண்ணும் சரியில்லா?" என்று கேட்டார். "பட்டனும் ஒண்ணு குறைவு. பின்னே எப்படி எடுக்கறது மேடம்?"

மகேசுவின் அம்மா காலையில் எண்ணெய்க் கையோடு என் தோளைத் தொட்டது ஞாபகம் வந்தது. கோட்டில் அந்தக் கறை இருந்தது. போச்சு என்று நினைத்தேன். நான் செய்தது அம்பலமானதைவிட, அதனால் அவளுக்குப் போனது பெரிதாக இருந்தது. இந்த நாளுக்காகத்தான் இவ்வளவு வாரம் பட்டனை டப்பாவில் வைத்துக்கொண்டு எனக்கு ஏலக்காய் டீ கொடுத்தாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன்.

அவர் மகேசுவின் வலது கையிலிருந்த இரண்டையும் எடுத்து டப்பாவில் போட்டார். மூடினார்.

"குறையலீங்க சார்" என்றார். "இன்னிக்கி ரெண்டுதானுங்க வெச்சேன்."

"ரெண்டா?"

"ரெண்டு. இல்லாத ஒண்ணை ஒண்ணரை மணி நேரம் தேடியிருக்குது. இத்தனை வருசத்துல எங்கிட்ட அப்படி ஒரு ஆளு வேலைக்கு வந்ததில்லீங்க. ரூம் வேண்டாம், நேரம் ஆகுது. துணி அறையில போட்டுக்கறேன். மடிப்பு நிக்குதுங்க." பிறகு அறிக்கையை மேனேஜர் கையிலிருந்து வாங்கி, நான்காக மடித்து என்னிடம் கொடுத்தார். "டீச்சர் மட்டும் இனி வர வேண்டாமுங்க."

கேள்விப்பட்டபடியே எனக்குச் சாப்பாடும் போட்டார்கள். மகேசுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவள் இரண்டு முறை சாதம் வாங்கினாள்.

அதன் பிறகு நான் அந்த ரிசார்ட்டுக்குப் போகவில்லை. அவரையும் பார்க்கவில்லை. மழைக்கு முன்னால் அவர் முதலமடைக்கே திரும்பிவிட்டார் என்று மகேசுவின் அம்மா சொன்னார். ஏன் என்பதற்கு மலையில் இப்போதும் இரண்டு மூன்று கதைகள் இருக்கும். அந்த நோட்டில் என்ன எழுதினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் வரைந்த படம் அதற்குள்தான் இருக்கிறது. என் பட்டனையும் அவர் திருப்பித் தரவில்லை. புதுப் பிள்ளைகளை வேறு ஓட்டல்களுக்கு அழைத்துப் போகிறேன். அவர்கள் வேலை செய்யும்போது நாற்காலியை வெளியே போட்டுக்கொள்கிறேன். ஆனாலும் அன்றைக்குப் பசியோடு ஒரு பெண்ணை மூன்று மணி நேரம் அறைக்குள் விட்டதை நினைத்தால் அவர்மேல் எனக்கு இப்போதும் கோபம் வரும்.

மகேசுவும் அவள் அம்மாவும் இப்போது டவுனில் ஒற்றை அறையில் இருக்கிறார்கள். போன மாதம் பஸ் நிறுத்தத்தில் மகேசு என்னைப் பார்த்தாள். ஓட்டல் கொடுத்த சாம்பல் நிறச் சுடிதார். ஓடி வந்து என் கையைப் பிடித்து விரித்து, எதையோ வைத்து மூடினாள்.

"டீச்சர், இந்தா. கெடச்சிருச்சு."

வெள்ளைப் பட்டன்.

"எங்கட்டி கெடச்சுது?"

"எட்டுல" என்றாள். "திரைக் கம்பில. மூடி இருக்குல்ல, அதுக்குள்ள."

"அந்த ரூமுக்கு நீ இப்ப போறதில்லையே?"

"தெனமும் போவேன். துணி வைக்கப் போவேன். தேடிட்டு வருவேன்." கொஞ்சம் யோசித்து, அந்த நாளின் கணக்கை முடித்தாள். "மூணு."

அவளுடைய பஸ் வந்துவிட்டது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து கையாட்டினாள். எதையும் கண்ணால் பார்க்காமல் நம்பாத அந்த மனுஷி, மேனேஜர் முகத்தைப் பார்த்து, "ரெண்டுதானுங்க வெச்சேன்" என்று சொன்ன குரல் எனக்கு அப்படியே கேட்டது. பட்டனை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அதில் ஓட்டை இரண்டு.